ஒரே பந்தியில் ஊரையே உட்கார வைக்கிறவர்களுக்கு

செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில், நம் ஆப்பின் ஆர்டர் பட்டியலைப் பக்கம் பக்கமாகப் பிரித்து அனுப்ப வேண்டும், அதுதான் பேஜினேஷன், என்றேன். அப்புறம் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும், திரும்ப விவரிக்கப் போவதில்லை. "என் லேப்டாப்ல நல்லாத்தான் ஓடுது, பேஜினேஷன் எல்லாம் இப்ப எதுக்கு" என்று தம்பி கேட்டதும், எல்லாரும் தலையாட்டியதும்தான் இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

லேப்டாப்பில் ஓடும் தம்பி. உங்கள் டெஸ்ட் டேட்டாபேஸில் 40 ஆர்டர். ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிற அண்ணனிடம் ஆறு வருட ஆர்டர், 23,000 சொச்சம். ஆப் கேட்கிற தகவலை சர்வரிலிருந்து எடுத்துத் தருகிற நம் ஏபிஐ அத்தனையையும் ஒரே மூச்சில் கொட்டுகிறது. போன வாரம் நான் அங்கேதான் நின்றேன். அச்சுக்குள் கண்ணாடி மேல் கலர் ஊற்றிக்கொண்டிருந்தவர், சிமென்ட் கையைக் கைலியில் துடைத்துவிட்டு போனைத் திறந்தார். வெள்ளைத் திரை, வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஆப் தானாக மூடிக்கொண்டது. "நீங்க செஞ்சதுதானேப்பா இது" என்று சிரித்தார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

எத்தனை தடவை சொல்வது, பெரிய பட்டியலைப் பக்கம் பக்கமாகத்தான் தர வேண்டும். எங்கள் அப்பத்தா 800 பேருக்குக் கல்யாணச் சாப்பாடு போட்டவர். பந்திக்கு 120 இலை, அவர்கள் எழுந்ததும் அடுத்த பந்தி. உலகத்துப் புரோகிராமர்கள் கோடு போட்டு வைக்கிற கிட்ஹப்பின் ஏபிஐயே பெரும்பாலான பட்டியல்களை ஒரு தடவைக்கு 30 தான் தரும், கேட்டால் 100 வரை. அவர்களிடம் சர்வர் இல்லாமலா?

"சரி, லிமிட், ஆஃப்செட் போட்டுடறேன், விடுங்க" என்பார்கள். விட மாட்டேன். லிமிட் என்பது எத்தனை வேண்டும், ஆஃப்செட் என்பது முதலில் எத்தனையை விட்டுவிட வேண்டும். ஆஃப்செட் 20,000 என்றால் டேட்டாபேஸ் ஒரே தாவாகத் தாவி அங்கே போய் நிற்காது, அந்த 20,000 வரிசையையும் எடுத்து எண்ணித் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் அடுத்த 50ஐக் கொடுக்கும். புதிய ஆர்டர் மேலே வருகிற பட்டியலில், இரண்டாம் பக்கம் போவதற்குள் ஒரு ஆர்டர் விழுந்தால் முதல் பக்கத்தின் கடைசி ஆள் அங்கேயும் தலைகாட்டுவார். ஒன்றை அழித்தால் இன்னொன்று கண்ணிலேயே படாது. மொய் நோட்டு வாசிக்கிறவர் கடைசிப் பெயரில் விரலை வைத்துக்கொண்டே காபி குடிப்பாரே, அதுதான் கர்சர். கடைசியாகப் பார்த்த ஆர்டரின் தேதியும் ஐடியும் கொடு, அதற்கு முந்தைய 50 வரும். அந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரு இண்டெக்ஸ், அதாவது சட்டென்று தேடி எடுக்க டேட்டாபேஸ் வைத்துக்கொள்கிற வரிசைப் பட்டியல், இருந்தால் எவ்வளவு ஆழம் போனாலும் மூச்சு வாங்காது. நேராக 37ஆம் பக்கத்துக்குத் தாவ முடியாது, ஒத்துக்கொள்கிறேன். பட்டறையில் யார் தாவுகிறார்கள்?

எல்லாவற்றையும் பக்கம் பிரி என்று நான் சொல்லவே இல்லை. தமிழ்நாட்டு மாவட்டங்கள் 38, அப்படியே கொடுங்கள். இதைத் தேவைக்கு மீறிய வேலை, ஓவர் இன்ஜினியரிங், என்கிறவர்களுக்கு, அந்த வார்த்தையைக் கற்றுக்கொண்டதற்கு வாழ்த்துகள்.

அப்புறம் அந்த இன்னொரு வார்த்தை. "காரைக்குடில உக்காந்துகிட்டு இவருக்கு ஸ்கேல் பத்தி என்ன தெரியும்." அதே மீட்டிங்கில் ஒருவர் மைக் அணைந்திருக்கிறது என்று நினைத்துச் சொன்னது. ஸ்கேல் என்றால் ஆளும் டேட்டாவும் பெருகினாலும் தாங்குவதாம். பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்து, அந்தக் கணக்கையெல்லாம் பேரேட்டில் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்த ஊர் ஐயா இது! ஊர்ப் பெருமை பேசுகிறான் என்பீர்கள். பேசுவேன். பதினோரு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன், சம்பளம் பற்றிக்கூட வாய் திறந்ததில்லை, மீட்டிங்கில் சிரித்தார்கள் பாருங்கள், அதை இரவு வீட்டில்கூடச் சொல்ல முடியவில்லை.

கோடில் மாற்றம் மொத்தம் 14 வரி. புதன்கிழமையே அனுப்பிவிட்டேன், இன்னும் யாரும் ரிவ்யூ பண்ணவில்லை. பட்டறை அண்ணன் இன்று காலையும் கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை.