சும்மா கிடந்த சங்கு

சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு, சும்மா கிடந்த சங்கை நானே ஊதிக் கெடுத்தேன். சர்வர் டிஸ்க்குகளைக் கண்காணிக்கிற மென்பொருளுக்குப் புது வெர்ஷன் வந்திருக்கிறதே என்று ஏற்றினேன். பச்சை டிக் போட்டு ‘வெற்றி’ என்றது.

திறந்தால், முதலில் பிரவுசர் சான்றிதழ் சரியில்லை என்று முரண்டு பிடித்தது. அதைத் தாண்டினால் பக்கம் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. பழைய வெர்ஷனின் சர்வீஸ் இன்னும் சாகாமல் அதே போர்ட்டை, அதாவது இணைப்பு வாசலை, பிடித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன். இப்போது, டிஸ்க்குகளை நிர்வகிக்கிற ‘கன்ட்ரோலர் எதுவும் இல்லை’ என்கிறது. எட்டு டிஸ்க்கும் என் கண்ணெதிரே பச்சையாக மினுக்குகிறது, இல்லையாம்!

கன்ட்ரோலரை இயக்குகிற டிரைவர் மென்பொருள் பழசு, அதோடு பேச மாட்டேன் என்று புது வெர்ஷன் சொன்ன விஷயம் லாக் ஃபைலின் அடியாழத்தில் ஒரே ஒரு வரியாகக் கிடந்தது. ஏற்றும்போதே வாயைத் திறந்து சொன்னால் குறைந்தா போய்விடும்? டிரைவரை மாற்றி ரீபூட் செய்து முடிக்கையில் மணி இரண்டு.

இதைவிடக் கொடுமை, எச்சரிக்கை மெயில் அமைப்பு மொத்தத்தையும் புது வெர்ஷன் சத்தமில்லாமல் துடைத்துப் போட்டிருந்தது. எங்களுடையது ரெய்டு 5, அதாவது தகவலைப் பல டிஸ்க்குகளில் பிரித்து வைக்கிற முறை. ஒரு டிஸ்க் போனால் தாங்கும். அதைக் கவனிக்காமல் விட்டு இன்னொன்றும் போனால் சங்குதான். தற்செயலாகப் பார்த்ததால் பிழைத்தேன்.

திங்கட்கிழமை மேனேஜர் கேட்டார், “புது வெர்ஷன்ல என்னப்பா புதுசு?”

“பட்டன் கலர் மாறியிருக்கு சார்.”