டூம் இல்லாவிட்டால் பள்ளிவாசல் இல்லையா?

அந்த ஆடியோவை இந்நேரம் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். நீலகிரியில் பாதி வாட்ஸ்அப் குரூப்பில் அதுதான் சுற்றுகிறது. எங்கள் ஊர்ப் பள்ளிவாசலைப் புதுப்பித்து மேலே டூம் (குவிமாடம்) வைக்க பிளான் போட்டிருக்கிறார்கள், அதைப் பற்றி ஒருவர் பேசியது: "தகரக் கூரையைப் போட்டு வச்சிருக்கோம், பார்த்தா டீத்தூள் குடோன் மாதிரி இருக்கு. டூம் வேண்டாம்னு சொல்ற அந்தம்மாவுக்குப் பள்ளியைப் பத்தி என்ன தெரியும்?" அந்தம்மா நான்தான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

622இல் மதீனாவில் நபி (ஸல்) கட்டிய பள்ளியில் டூம் கிடையாது. மினாரா, அதாவது பாங்கு சொல்லும் கோபுரம், அதுவும் கிடையாது. சுடாத மண் செங்கல் சுவர், பேரீச்ச மரத் தூண், மேலே பேரீச்ச ஓலை. அவ்வளவுதான். ரமலானில் ஒரு ராத்திரி மழை பெய்து கூரை ஒழுகி, தரை சேறாகிவிட்டது. சுபுஹு (அதிகாலைத் தொழுகை) தொழுதுவிட்டுத் திரும்பிய நபியின் நெற்றியில் அந்தச் சேறு ஒட்டியிருந்தது. ஹதீஸிலேயே இருக்கிறது. குடோன் என்று சொன்ன அண்ணன் அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் என்ன ஆடியோ போட்டிருப்பாரோ!

நபியின் தோழர் பிலால் (ரலி) சுபுஹுக்குப் பாங்கு (தொழுகை அழைப்பு) சொன்னது மினாராவிலிருந்தா? பள்ளிக்குப் பக்கத்தில் இருந்ததிலேயே உயரமான ஒரு வீட்டின் மேலேறி நின்று. பனூ நஜ்ஜார் குடும்பத்துப் பெண் ஒருவரின் வீடு அது. ஆமாம், ஒரு அந்தம்மாவின் வீடு. மினாரா வந்தது கலீஃபா வலீத் காலத்தில், 707க்குப் பிறகு, மூலைக்கு ஒன்றாக. நாம் காலண்டரில் பார்க்கிற டூம் இருக்கிறதே, நபியின் அடக்கத்தலத்துக்கு மேலே, அது 1279இல் மம்லூக் சுல்தான் கலாவூன் மரத்தில் கட்டியதில் தொடங்குகிறது. பச்சை அடித்தது 1837இல். டூம் வருவதற்கு முன்னால் கிட்டத்தட்ட 650 வருஷம் அங்கே போய் ஸலாம் சொன்னவர்கள் எல்லாம் என்ன, குறை ஸலாமா சொன்னார்கள்?

உடனே "இவ வஹ்ஹாபி", அதாவது அடக்கத்தலத்து டூமையே எதிர்க்கிற கூட்டம், என்று கிளம்புவீர்கள். அந்தப் பச்சை டூமை முதலில் பார்த்தபோது அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார், நானும் அழுதேன். டூம் மேல் எனக்கு என்ன கோபம்? எங்கள் ஊருக்கு எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

"மதீனாவில் இப்பவும் புதுசா டூம் வச்சிருக்காங்களே" என்கிறார் ஒருவர். வைத்திருக்கிறார்கள், 27. நகரும் டூம்கள். வெயில் தாழ்ந்ததும் திறந்து காற்றை உள்ளே விடுகிறார்கள். வேலை செய்கிற டூம். ஜூலைக் காற்றும் டிசம்பர் பனியுமாக இருக்கிற மலையில் நாம் எதைத் திறந்து எந்தக் காற்றை வாங்கப் போகிறோம்? மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டைஊசி வளைவெல்லாம் ஏற்றிக்கொண்டு வந்து கான்கிரீட் தளத்தின் மேல் வைக்கப் போகிற ஃபைபர் டூம், இரண்டு மழைக்காலத்தில் பாசி பிடித்துவிடும். தளம் ஓதம் வாங்கும். இங்கே வீடு கட்டிய யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

கூடலூர் வழியாக இறங்கினால் கோழிக்கோடு. அங்கே மிஷ்கால் பள்ளி, 14ஆம் நூற்றாண்டில் ஏமன் வணிகர் ஒருவர் கட்டியது. அடுக்கடுக்காகச் சரிவான ஓட்டுக்கூரை, உள்ளே மரவேலை. டூமும் இல்லை, மினாராவும் இல்லை. 1510இல் போர்த்துகீசியர் தீ வைத்தும் நிற்கிறது. அது பள்ளிவாசலாகத் தெரியவில்லை என்று இதுவரை யாரும் திரும்பிப் போனதில்லை.

சரி, நம் பள்ளிக் கூரை மரம் கரையான் அரித்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். மரத்தை மாற்றுங்கள். டூரிஸ்ட்டுக்கு ரோட்டிலிருந்து தெரிய வேண்டுமா? போர்டு வையுங்கள். பணம் தருகிறவர் டூம் கேட்கிறார் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, அதை அவரிடம்தான் கேட்க வேண்டும். மதீனாப் பள்ளியை விரிவாக்கியபோது கலீஃபா உமர் (ரலி) சொன்னது, மக்களை மழையிலிருந்து காப்பாற்று, சிவப்பும் மஞ்சளும் பூசி அவர்கள் கவனத்தைக் கெடுக்காதே என்றுதான். முதல் வேலையே மழைதான் ஐயா!

எங்கள் அத்தா ஜும்ஆவுக்குக் கூட்டிப்போகும்போது நான் சின்னப் பெண். படிக்கட்டு ஓரம், தகரம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கிற இடத்தில், செருப்புகளுக்குக் காவலாக உட்கார வைத்துவிட்டுப் போவார். மழை வலுத்தால் தகரத்தில் சடசடவென்று அடித்து பயான் (உரை) ஒரு வார்த்தை கேட்காது. ஹஜ்ரத் நிறுத்திவிட்டு, மழை தணிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள். அந்தத் தகரம் மாற்றியபோது அத்தாவும் தோளில் மரம் சுமந்தவர்களில் ஒருவர். குடோனாம்.

எனக்கு உறுத்துவது தகரம்கூட இல்லை. பிளானில் இரண்டு மினாரா இருக்கிறது, டூம் இருக்கிறது, முகப்பில் கண்ணாடி இருக்கிறது. பெண்களுக்கு ஒரு மூலைகூட இல்லை. மஸ்ஜிதுந் நபவியில், அதே மதீனாப் பள்ளியில், உமர் (ரலி) காலத்திலிருந்தே பெண்களுக்கென்று வாசல் உண்டு, இன்றைக்கும் பாபுன் நிஸா (பெண்கள் வாசல்) என்றே சொல்கிறார்கள். மதீனாவைக் காட்டி டூம் கேட்கிறவர்கள் அந்த வாசலை ஏன் பார்க்கவில்லை? அங்கே போய் உள்ளே தொழுதுவிட்டு வந்த நான், சொந்த ஊரில் இன்னமும் செருப்புப் பக்கத்தில்தான் நிற்க வேண்டுமா?

"மீட்டிங்குக்கு வந்து பேசியிருக்கலாமே" என்று வேறு கேட்டார்கள். எந்த மீட்டிங்குக்கு எங்களைக் கூப்பிட்டீர்கள்? வீட்டுக்காரர் மூலமாகச் சொல்லி அனுப்பினேன், அதைத்தான் ஆடியோவில் கிண்டல் செய்திருக்கிறார்கள்.

பிளானைக் குரூப்பில் போடுங்கள். பெண்கள் ஒளூ செய்ய (தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவ) வெந்நீர்க் குழாய் எந்தப் பக்கம் என்று குறித்துப் போடுங்கள். அதுவரை எங்கள் வீட்டுச் சந்தா கூரை ரிப்பேருக்கு மட்டும். கமெண்டில் துபாய் பள்ளிவாசல் படம் போடுகிறவர்களை பிளாக் செய்துவிடுவேன்.