வரலாறு படிக்கும் பிள்ளைக்குச் செய்முறைத் தேர்வு ஏன் இல்லை?

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. வரலாற்றுக்கும் சிறப்புத் தமிழுக்கும் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. அதோடு முடிந்தது. வரலாறு படிக்கிற பிள்ளை எதையும் நேரில் பார்க்க வேண்டாம், எவரிடமும் போய் எதையும் கேட்க வேண்டாம், உட்கார்ந்த இடத்தில் மனப்பாடம் செய்தால் போதும் என்று மதிப்பெண் பங்கீட்டிலேயே சொல்லிவிட்டோம். என் மகள் பதினோராம் வகுப்பில் ஆர்ட்ஸ் குரூப் எடுத்தபோது, துக்கம் விசாரிக்கிற குரலில் "ஏன், மார்க் குறைந்துவிட்டதா?" என்று கேட்ட உறவினர்களை நான் கோபித்துக்கொள்ளவில்லை. அவர்கள் பங்கீட்டைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள்.

இராமநாதபுரத்தில் உட்கார்ந்துகொண்டு இதைப் பார்க்கும்போதுதான் எரிச்சல் கூடுகிறது. இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் அழகன்குளம், வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகில். மாநிலத் தொல்லியல் துறை 1986-87இல் அங்கே அகழாய்வைத் தொடங்கியது. விட்டுவிட்டு 2016-17 வரை தோண்டினார்கள். ரோமானியக் காசுகள், தமிழ்-பிராமி எழுத்துக் கீறிய பானை ஓடுகள், கப்பல் உருவம் வரைந்த ஓர் ஓடு எல்லாம் கிடைத்தன. சங்கப் பாடல்கள் பேசும் மருங்கூர்ப்பட்டினம் இதுதான் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதைவிட நல்ல செய்முறைக் கேள்வி வேண்டுமா? "அழகன்குளம்தான் மருங்கூர்ப்பட்டினம் என்பதற்கு எந்தச் சான்று வலுவானது, எது வெறும் ஊகம்?" ஒரு பிள்ளை இதற்கு இரண்டு பக்கம் எழுதட்டும். விடை தவறாகவே இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. சான்றுக்கும் ஆசைக்கும் வேறுபாடு தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் வரலாறு பரப்பும் பெரியவர்கள் பலருக்கே அது இன்னும் தெரியவில்லை. (போகிற பிள்ளைகள் ஓடுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வரக்கூடாது. கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு அங்கேயே விட்டுவிட்டு வருவதும் பாடத்தில் சேர்ந்ததுதான்.)

தமிழுக்கு வருகிறேன். அகநானூற்றின் எழுபதாம் பாட்டில், ஒரு பெண்ணின் காதலைப் பற்றி ஊர் அலர் தூற்றிக்கொண்டிருக்கிறது. திருமணம் உறுதியானதும் அந்தப் பேச்சு அடங்கிவிடுகிறது. எதைப் போல? பாண்டியரின் பழைய கோடியில், கடல் முழங்கும் துறையில், இராமன் மறை ஆராய்வதற்காகப் பறவைகளின் ஒலியை அடக்கிய ஆலமரம் போல. அந்தக் கோடி நம் தனுஷ்கோடிதான் என்று கொள்வோர் உண்டு. வகுப்பறையில் இது 'உவமையை விளக்குக' என்னும் கேள்வி. தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் நின்று பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருக்கும்போதுதான், அந்த முழக்கத்துக்கு நடுவில் ஒரே ஒரு மரம் ஓசையற்று நிற்பதைப் புலவன் ஏன் தேர்ந்தெடுத்தான் என்பது தெரியும். இதை எந்தக் கோனார் உரையும் தராது.

அதே தனுஷ்கோடியில் வேறொரு பாடமும் இருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ஊர் போயிற்று. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில், நிலையத்தைச் சேருமுன் கடலுக்குள் போயிற்று. அன்று பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. இன்னும் சில ஆண்டுகளில் கேட்பதற்கு யாரும் இருக்க மாட்டார்கள். இடிந்த தேவாலயத்தின் முன் செல்ஃபி எடுக்க ஆயிரம் பேர் வருகிறார்கள். அந்த இரவை நினைவில் வைத்திருக்கும் ஒரு பாட்டியின் அருகில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, நாள், இடம், யாரோடு இருந்தார், எங்கே ஒதுங்கினார் என்று எழுதி வாங்க ஒரு பள்ளிக்கூடம் பிள்ளைகளை அனுப்பலாமே. அனுப்பும் முன் கற்றுத்தர வேண்டியது நிறைய இருக்கிறது. தாயைக் கடலுக்குக் கொடுத்தவரிடம் முதல் கேள்வியாக எதைக் கேட்கக்கூடாது, பதிவு செய்யும் கைபேசியை எப்போது அணைக்க வேண்டும், அவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு முரண்பட்டால் அவரைப் பொய்யர் ஆக்காமல் எப்படி எழுதுவது என்பதெல்லாம் கற்றுத்தந்துதான் வரும். மண்டபம் முகாமில் வாழும் இலங்கைத் தமிழர் குடும்பங்கள் விஷயத்தில் இந்த நாகரிகம் இன்னும் அதிகம் வேண்டும். நம் பிள்ளைகளின் ஒப்படைப்புக்காக அவர்களின் துயரத்தைக் காட்சிப்பொருள் ஆக்குவதற்குப் போகாமலே இருக்கலாம்.

கீழக்கரை வேறு மாதிரி. சீறாப்புராணம் பாடநூலில் வருகிறது. உமறுப்புலவரை ஆதரித்த சீதக்காதி கீழக்கரைக்காரர் என்பதும் வருகிறது. ஆனால் அதே ஊரில் அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத் தமிழ் என்று ஒரு மரபு தழைத்தது என்பதை எத்தனை சிறப்புத் தமிழ் மாணவர்கள் அறிவார்கள்? அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரு மூதாட்டி வாசிக்க, பேத்தியும் அவள் வகுப்புத் தோழியும் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளட்டும். அன்றைக்கு ஆசிரியரும் ஓரமாக உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம்.

இப்படிச் சொன்னால், "அதற்குத்தான் கல்விச் சுற்றுலா இருக்கிறதே" என்கிறார்கள். அதில் கல்வி எங்கே இருக்கிறது? விடியுமுன் பஸ், கொடைக்கானல், மதிய உணவுப் பொட்டலம், திரும்பும் வழியில் பாட்டுப் போட்டி. வேண்டாம் என்று சொல்லவில்லை, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமும் தேவை. ஆனால் இந்தச் சீமையை ஆண்ட சேதுபதிகளின் போரையும் ஐரோப்பியர்களைச் சேதுபதி வரவேற்பதையும் தீட்டிய சுவரோவியங்களோடு இராமலிங்க விலாசம் அரண்மனை நகருக்குள்ளேயே நிற்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தும் அதற்குள் காலெடுத்து வைக்காத வரலாற்று மாணவர்கள் இந்த நகரிலேயே இருக்கிறார்கள்.

இது நடக்காத கதை அல்ல. திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் வைத்து, மாணவர்கள் கல்வெட்டு வாசிக்கவும் பழங்காசுகளையும் பானை ஓடுகளையும் அடையாளம் காணவும் பழகினார்கள், செய்தித்தாள்களிலும் வந்தது. ஆனால் ஓர் ஆசிரியரின் ஆர்வத்தை நம்பி நடக்கும் எதற்கும், அவர் மாறுதலாகிப் போகிற நாள் ஒரு கண்டம். மதிப்பெண் பட்டியலில் இடம் இருந்தால் அடுத்து வருகிறவரும் செய்தே ஆக வேண்டும்.

தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் இருந்து வருகிற பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றை முகத்தில் வாங்கியே பெயர் சொல்லும் பையன், நெய்தல் பாட்டு நடத்தும்போது வாய் திறப்பதில்லை. தந்தையோடு கடலுக்குப் போன நாள் அவன் வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' மட்டுமே. அவன் காற்றுகளையும் நீவாடு என்னும் கடல் நீரோட்டங்களையும் மீன்களையும் தொகுத்து ஓர் ஏடு எழுதினால், அதற்கு 20 மதிப்பெண் கொடுக்க நமக்கு ஏன் மனம் வரவில்லை?

மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்துவிடுவார்கள், ஏட்டைப் பார்த்து எழுதிவிடுவார்கள் என்று ஒரு தலைமையாசிரியர் என்னிடம் சொன்னார். நடக்கும்தான். வேதியியல் செய்முறை ஏட்டையும் பாதிப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். அதற்காக எவரும் ஆய்வகத்தைப் பூட்டிவிடவில்லையே. அரசாணை வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். இப்போதுள்ள அகமதிப்பீட்டில் ஒப்படைப்புக்கு என்று வாங்குகிற, இணையத்தில் எடுத்து அச்சிட்டு அட்டை போட்ட தாள்களை இந்த ஆண்டு வாங்க மறுத்துவிட்டு, "உன் தெருவில் மூத்தவர் ஒருவரிடம் கேட்டு, அவர் பேச்சிலேயே நான்கு பக்கம் எழுதி வா" என்று சொல்ல எந்த ஆசிரியருக்கும் இன்றைக்கே அதிகாரம் இருக்கிறது.