ஐந்நூறு பிரதி அச்சான இசையை இலவசமாக இறக்கிக்கொள்வது பற்றி

பெரிய கம்பெனிகளைச் சாராமல் சிறு குழுக்கள் தாங்களே வெளியிடும் அண்டர்கிரவுண்ட் இசையைக் கோப்புப் பகிர்வு வழியாக இலவசமாக இறக்கிக்கொள்ளலாமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் இரண்டு பதில்கள் உடனே வந்துவிடுகின்றன. அது திருட்டு, அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்பது ஒன்று. கலைஞர்களைச் சுரண்டிக் கொழுத்த கம்பெனிகளுக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டுமே பெரிய கம்பெனிகளை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. பகல் முழுவதும் வேறு வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒலிப்பதிவு செய்து, 500 பிரதிகள் மட்டும் அச்சிட்டு, உறைக்குள் தாங்களே இசைத்தட்டைச் செருகி, தபால் நிலையத்துக்குத் தாங்களே எடுத்துச் செல்லும் நான்கு பேர் கொண்ட ஒரு குழுவுக்கு இந்தப் பதில்கள் எதுவும் பொருந்தாது. பெரிய நிறுவனம் ஒன்றுக்கு நூறு பிரதி விற்காமல் போனால் கணக்கில்கூடத் தெரியாது. இவர்களுக்கு அது அச்சுச் செலவு திரும்பி வருமா வராதா என்ற கேள்வி.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இசையை உருவாக்கியவர் அதை இன்று விற்கிறாரா, நாம் கொடுக்கும் பணம் அவர் கைக்குப் போய்ச் சேருமா என்று பார்க்க வேண்டும். சேரும் என்றால் வாங்க வேண்டும். வாங்கவே வழியில்லாத நிலையில் பகிர்ந்துகொள்வதை நான் தவறென்று கருதவில்லை. பல நேரங்களில் அந்த இசை உயிரோடு இருப்பதே அதனால்தான். ஆனால் அப்படிப் பகிர்பவருக்கும், அதைப் பெற்றுக்கொள்பவருக்கும், படைத்தவர் மீது ஒரு கடமை மிச்சமிருக்கிறது.

இதை நான் சட்டப் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. இந்த இசை உலகத்தின் பழைய நடைமுறையிலிருந்தே எடுக்கிறேன். 1980-களில் மெட்டல், ஹார்ட்கோர் பங்க் என்ற கடுமையான ராக் இசை வகைகளின் குழுக்கள் ஆல்பத்துக்கு முன் முன்னோட்டமாகப் பதிவு செய்த டெமோ கேசட்டுகள் நாடு விட்டு நாடு சென்றது டேப் டிரேடிங் என்ற கடிதத் தொடர்பு வழியாகத்தான். தன்னிடம் உள்ள பதிவுகளின் பட்டியலை ஒருவர் அனுப்புவார். மற்றவர் வேண்டியதைக் குறித்துத் தன் பட்டியலை இணைத்து அனுப்புவார். இருவரும் ஆளுக்கொரு கேசட்டைப் பதிவு செய்து அஞ்சலில் சேர்ப்பார்கள். அஞ்சல் செலவைத் தாங்க முடியாத பிள்ளைகள் தபால்தலையின் மேல் பசையைத் தடவி அனுப்புவதும், முத்திரை மையைக் கழுவிவிட்டு அதே தபால்தலையை மீண்டும் ஒட்டுவதும் அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். உரிமம் எதுவும் இல்லாத இந்தப் பரிமாற்றத்தை அந்தக் குழுக்கள் எதிர்க்கவில்லை. தங்கள் டெமோ பரவ வேண்டும் என்றே விரும்பி, தொடர்பு முகவரியை உறையிலேயே அச்சிட்டன.

அந்தப் பரிமாற்றத்துக்கு இயல்பாகவே சில வரம்புகளும் இருந்தன. ஒரு கேசட்டைப் பதிவு செய்ய அது ஓடும் நேரம் முழுவதும் காத்திருக்க வேண்டும். பிரதியின் பிரதியில் இரைச்சல் கூடும். நான்காவது கையில் வந்து சேரும்போது கிதார் எது, சிம்பல் எது என்று பிரித்தறிவதே கடினம். ஆகவே அந்தக் குழு தனது முதல் ஆல்பத்தை வெளியிட்டதும், டெமோவைக் கேட்டு ஏங்கியிருந்தவர்களே முதலில் வாங்கினார்கள். அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகாவின் பெயர், முதல் ஆல்பம் வருவதற்கு முன்பே பரவியது 1982-ஆம் ஆண்டு டெமோ இப்படிக் கைமாறியதால்தான். அதே மெட்டாலிகா 2000 ஏப்ரலில், பயனர்கள் தங்களுக்குள் பாடல் கோப்புகளைப் பகிர வழிசெய்த நாப்ஸ்டர் மீது வழக்குத் தொடுத்து, தங்கள் பாடல்களைப் பகிர்ந்த 3 லட்சத்துக்கும் அதிகமான பயனர் பெயர்களின் பட்டியலையும் ஒப்படைத்தபோது, ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கிறார்கள் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். ரசிகர்களின் மீதே பட்டியல் தயாரித்த விதம் எனக்கும் கசப்பானதே. ஆனால் மெட்டாலிகாவைக் கோபப்படுத்திய முதல் நிகழ்வை மறந்துவிடக் கூடாது: இன்னும் முடித்து வெளியிடாத ஒரு பாடலின் பாதிப் பதிவு கசிந்து வானொலிகளில் ஒலித்தது. டெமோவைத் தாங்களே கொடுத்தார்கள். கசிந்த இந்தப் பாடலையோ யாரும் அவர்களிடம் கேட்டுப் பெறவில்லை. இந்த வேறுபாடு எனக்கு மிக முக்கியமானது.

நாப்ஸ்டர் 2001-இல் மூடப்பட்டது. சோல்சீக் போன்ற பகிர்வு வலைகள் அந்த இடத்துக்கு வந்தன, அரிய இசையைத் தேடுவோர் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அதன் பிறகு அழைப்பு பெற்றவர் மட்டுமே நுழைந்து தங்களுக்குள் கோப்புகளைப் பகிரக்கூடிய டோரன்ட் தளங்கள் எழுந்தன. 2007-இல் காவல்துறையின் சோதனையோடு முடிந்த ஓய்ங்க், அதே ஆண்டில் தொடங்கி 2016 வரை இயங்கிய வாட்.சிடி ஆகியவற்றின் தொகுப்பு ஒழுங்கைப் பார்த்தவர்கள் நூலகங்களிலும் அப்படிக் காண்பது அரிது என்பார்கள். எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு அச்சு, எந்த லேபிள் (வெளியிட்ட இசை நிறுவனம்) என்று அத்தனையும் சரிபார்க்கப்பட்டிருக்கும். அங்கே கடுமையான ஒழுக்க விதியும் இருந்தது: எடுத்த அளவுக்கு ஏற்பத் திருப்பிக் கொடுக்காதவர் வெளியேற்றப்படுவார். ஆனால் அந்தக் கடன் முழுவதும் சக பதிவிறக்கக்காரர்களுக்கே பட்ட கடன். இசையமைத்தவர் அந்தக் கணக்கில் எந்த வரியிலும் இல்லை. டேப் டிரேடிங்கிலிருந்து நகலெடுப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, உறையில் இருந்த முகவரியை விட்டுவிட்டார்கள்.

அந்த முகவரிக்குப் போகும் பணம் என்ன செய்யும் என்பதற்கு வாஷிங்டனின் டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் என்ற சிறிய பங்க் லேபிளைச் சொல்வேன். 1980-இல், கலைந்துபோன ஒரு பள்ளிப் பருவக் குழு, தான் சேர்த்து வைத்திருந்த சில நூறு டாலரில் ஒரு சிறிய தட்டை 1,000 பிரதி அச்சிட்டது. உறைகளைப் பிள்ளைகளே வெட்டி மடித்து ஒட்டினார்கள். விற்று வந்த பணத்தை யாரும் பிரித்துக்கொள்ளவில்லை. அதில்தான் அடுத்த நண்பர் குழுவின் தட்டு வந்தது, அதற்கடுத்ததும் அப்படியே வந்தது. பின்னாளில் அதே லேபிளின் ஃபுகாஸி குழு, நூற்றுக்கணக்கான தன் நிகழ்ச்சிப் பதிவுகளை இணையத்தில் வைத்தபோது, ஒரு நிகழ்ச்சிக்கு 5 டாலர் என்று பரிந்துரைத்து, விரும்பினால் 1 டாலர் முதல் 100 டாலர் வரை கொடுக்கலாம் என்றது. இவ்வளவு இறங்கி வந்து கேட்பவரிடமும் கொடுக்காமல் எடுத்துக்கொள்வதற்கு நான் எந்த நியாயத்தையும் காணவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் நாம் வாங்காமல் விடும் பிரதி, நமக்கு முகம் தெரியாத இன்னொரு குழுவின் முதல் தட்டு.

இனி மறுபக்கம். கானாவைச் சேர்ந்த பாடகர் அட்டா காக் 1994-இல் வெளியிட்ட கேசட் சுமார் 50 பிரதிகளே அச்சானது என்கிறார்கள். அதில் ஒன்றை 2002-இல் கேப் கோஸ்ட் நகரத்துச் சாலையோரத்தில் வாங்கிய அமெரிக்கர் பிரயன் ஷிம்கோவிட்ஸ், பிறகு தன் வலைப்பதிவில் அதை இலவசமாகப் பகிர்ந்தார். அனுமதி எதுவும் இல்லை. சட்டப்படி அது உரிமை மீறலே. ஆனால் அவர் பகிர்ந்துவிட்டு ஓயவில்லை. பாடியவரைப் பல ஆண்டுகள் தேடிக் கண்டுபிடித்தார். 2015-இல் அது முறைப்படி மறுவெளியீடு கண்டது, வருமானம் பாடியவருக்கும் போனது. அவர் ஐரோப்பிய மேடைகளில் பாடினார். அந்தக் கேசட் பகிரப்படாமல் இருந்திருந்தால் அந்த மனிதரை யாரும் தேடியிருக்கவே மாட்டார்கள். பகிர்ந்த பிறகு படைத்தவரைத் தேடி அவருக்கு உரியதைச் சேர்ப்பதே நான் சொல்லும் மிச்சக் கடமை.

இசைக் குழுக்கள் தங்கள் பாடல்களை ஏற்றிவைத்த சமூக வலைத்தளமான மைஸ்பேஸ், 2016-க்கு முன் பதிவேற்றப்பட்ட இசையெல்லாம் அழிந்துவிட்டதாக 2019-இல் ஒப்புக்கொண்டதையும் இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. பல கோடிப் பாடல்கள். அவற்றில் பல வேறெங்கும் வெளிவராத சிறு குழுக்களுடையவை. பின்னர் மீட்கப்பட்ட சில லட்சம் பாடல்கள் யாரோ முன்னமே நகலெடுத்து வைத்திருந்ததால்தான் கிடைத்தன. அந்த நகலெடுத்தவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

ஸ்ட்ரீமிங்கில் கேட்டால் மனச்சாட்சி தெளிவாகிவிடும் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், கடந்த 12 மாதங்களில் 1,000 முறைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாடலுக்கு ஒலிப்பதிவு உரிமைத்தொகை கிடையாது. அண்டர்கிரவுண்ட் இசையில் கணிசமானவை அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும். அவற்றைச் சட்டப்படி கேட்டாலும், சட்டத்துக்குப் புறம்பாக இறக்கினாலும், பாடியவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. இசைக்காரர்கள் ரசிகர்களுக்கு நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் நிலைமை வேறு: டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் எடுப்பது 15 விழுக்காடு, பணப் பரிமாற்றக் கட்டணம் போக மீதி இசைக்காரருக்கோ லேபிளுக்கோ போகிறது. அந்தத் தளம் கைமாறி, 2023-இல் ஊழியர்களில் பாதிப் பேர் வேலை இழந்ததை நான் மறக்கவில்லை. ஆனாலும் நேரடியாக வாங்குவதற்கு இப்போதைக்கு அதைவிட எளிய வழி பலருக்கு இல்லை.

மாணவர் ஒருவர், கையில் பணமோ வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கான அட்டையோ இல்லாமல் இறக்கிக் கேட்கிறார் என்றால் அவர் மீது எனக்குக் கோபமில்லை. முப்பது வயதில் நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டு, ஆயிரம் ரூபாய் கொடுத்து ஹெட்போனுக்கு உறை வாங்குபவர், ஐந்து டாலர் ஆல்பத்தை மட்டும் கொள்கையின் பெயரால் இலவசமாக எடுப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. அவர் அதே குழுவின் பழைய, அச்சிலில்லாத டெமோவை இறக்கிக்கொள்ளட்டும். புதிய ஆல்பத்தை வாங்கட்டும். வெளியீட்டு நாளுக்கு முன்பே கசிந்த பதிவை மட்டும் யாராயிருந்தாலும் தொடக் கூடாது, ஏனெனில் சிறிய லேபிள் ஒன்று அச்சகத்துக்குக் கொடுத்த பணத்தின் பெரும்பகுதியைத் திரும்ப எடுப்பது முன்பதிவிலும் முதல் சில வாரங்களிலும்தான்.