ட்ரிபிள்-இ படிப்பைச் சம்பளத்தால் மட்டும் அளக்கலாமா?

பொறியியல் கலந்தாய்வு தொடங்கிவிட்டால், கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காதவர்களுக்கான ஆறுதல் இடமாகவே ட்ரிபிள்-இ (மின், மின்னணுப் பொறியியல்) பிரிவைப் பலர் பேசுகிறார்கள். வளாகத் தேர்வில் கிடைக்கும் சம்பளம் ஒரு குடும்பத்துக்கு முக்கியம்தான். ஆனால், மின்பொறியியலை ஆழமாகக் கற்றவர்கள் குறைந்துபோனால் ஒரு சமூகம் எதை இழக்கும் என்பதை அந்த அளவுகோல் காட்டாது.

2012 ஜூலை 31 அன்று வட, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் (மின்நிலையங்களையும் நுகர்வோரையும் இணைக்கும் வலைப்பின்னல்கள்) சரிந்து, 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகள் மின்சாரமின்றித் தவித்தன. நாம் தப்பியதற்குக் காரணம், தென்மண்டலத் தொகுப்பு அப்போது மற்றவற்றோடு ஒரே அலைவெண்ணில் (மின்னோட்டம் விநாடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற எண்) பூட்டப்படாமல் தனித்து இயங்கியதுதான். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் தடம் வழியாக நாமும் அந்த ஒரே தொகுப்பில் இணைந்துவிட்டோம். 2020 ஏப்ரல் 5 இரவு நாடே ஒன்பது நிமிடம் விளக்கணைத்தபோது, மின்தேவை 31,000 மெகாவாட்டுக்கும் மேல் சரிந்தது. உற்பத்தி தேவையை மிஞ்சினால் அலைவெண் எகிறும், குறைந்தால் சரியும். புனல் மின்நிலையங்களின் உற்பத்தியை வேகமாகக் குறைத்தும் கூட்டியும் அலைவெண்ணை 50 ஹெர்ட்ஸை ஒட்டியே பிடித்து வைத்தவர்கள் பொறியாளர்கள். மொட்டைமாடியில் அகல்விளக்கோடு நின்ற நம்மில் எத்தனை பேருக்கு அது தெரிந்தது?

இந்த வேலை இனி இன்னும் கடினமாகும். அனல், புனல் நிலையங்களில் பல டன் எடையுள்ள சுழலிகள் ஓடிக்கொண்டிருப்பதால், ஒரு நிலையம் திடீரென நின்றாலும் அந்தச் சுழற்சியில் சேர்ந்திருக்கும் ஆற்றல் அலைவெண் சரியும் வேகத்தைக் குறைத்து, சில விநாடி அவகாசம் தரும். கமுதியில் விரிந்து கிடக்கும் சோலார் பேனல்களுக்குப் பின்னால் இருக்கும் இன்வெர்ட்டர்களில் சுழலும் எடை ஏதும் இல்லை. அந்த வேலையைப் பேட்டரியையும் கட்டுப்பாட்டு மென்பொருளையும் கொண்டு செய்விக்க வேண்டும். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் இருண்டது மின்பற்றாக்குறையால் அன்று. மின்னழுத்தம் கட்டுமீறி உயர, நிலையங்கள் அடுத்தடுத்துத் துண்டித்துக்கொண்டதால்தான்.

இதையெல்லாம் கையால் தொட்டு உணரும் இடம் மெஷின்ஸ் லேப். ஆல்டர்னேட்டரை (மாறுமின்னோட்ட ஜெனரேட்டரை) மின்தொகுப்போடு இணைக்கும் பயிற்சியில், இரண்டுக்கும் இடையே பொருத்திய மூன்று விளக்குகளும் ஒருசேர ஒளிர்ந்து மங்குவதைப் பார்த்தபடியே மாணவர் வேகத்தை நுணுக்கமாகத் திருத்த வேண்டும். ஒளிர்வுக்கும் மங்கலுக்கும் இடையிலான நேரம் நீண்டு, மூன்றும் முழுதாக அணைந்திருக்கும் கணத்தில் சுவிட்சைப் போட வேண்டும். கணம் தவறினால் இயந்திரம் உறுமி அதிரும். அந்த அதிர்ச்சி கற்றுத் தருவதைத் திரையில் ஓடும் சிமுலேஷன் கற்றுத் தருவதில்லை. (சிமுலேஷனே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை, பெரிய தொகுப்பை ஆராய வேறு வழியும் கிடையாது.)

எனவே, சேர்க்கை குறைகிறது என்பதற்காக இந்தப் பிரிவை மூடுவதும், செலவு மிச்சமென்று ஆய்வகத்தைச் சுருக்குவதும் கல்லூரிகளின் சொந்தக் கணக்கு மட்டுமே என்று அரசு ஒதுங்கிவிடக் கூடாது. ஒவ்வொரு ட்ரிபிள்-இ மாணவரும் ஒரு பருவமாவது துணைமின்நிலையத்திலோ, முப்பந்தல் போன்ற காற்றாலைப் பகுதியிலோ உதவித்தொகையுடன் பயிற்சி பெறுவதைப் பாடத்திட்டத்தின் கட்டாயப் பகுதியாக்க வேண்டும். அதற்கான செலவை மின்வாரியமும் தனியார் உற்பத்தியாளர்களும் பகிர்ந்துகொள்வதே முறை.