கண்ணாடிக் கிண்ணத்தில் கடல்குதிரையா?

"குழாய்த் தண்ணீரில் 2 கரண்டி சமையல் உப்பு போட்டால் போதும், சின்னக் கிண்ணத்திலேயே கடல்குதிரை வளர்க்கலாம், சாதாரண மீன் தீனியே போதும்" என்று ஒரு பதிவு சுற்றிவருகிறது. படம் அழகுதான். சொல்வது மூன்றும் தவறு.

சமையல் உப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. கடல்நீரில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் உண்டு. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள். அதற்கென்றே விற்கும் கடல் உப்புக் கலவைதான் வேண்டும்.

தீனி விஷயம்தான் முக்கியம். கடல்குதிரைக்கு இரைப்பையும் இல்லை, பல்லும் இல்லை. குழல் போன்ற வாயால் இரையை உறிஞ்சி விழுங்கும். உணவு சீக்கிரம் வெளியேறிவிடுவதால் தினமும் பலமுறை ஊட்ட வேண்டும். உலர்ந்த தீனியைப் பெரும்பாலும் சீண்டாது. மைசிஸ் என்ற சிற்றிறால்தான் வழக்கமான உணவு. பண்ணையில் பிறந்தவை உறைந்த மைசிஸுக்குப் பழகியிருக்கும். கடலில் பிடித்தவை அதையும் தொடாமல் பட்டினி கிடந்தே சாவதுண்டு.

அப்புறம் தொட்டி. உயரமானதாக, வால் சுற்றிக்கொள்ளப் பிடிமானத்தோடு இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிய அன்றே விடக் கூடாது. புதுத் தொட்டியில் சேரும் நச்சுப் பொருள்களான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வரச் சில வாரங்கள் ஆகும். சோதனைக் கருவியில் நீங்களே பார்க்கலாம்.

இன்னொன்று: 2004 முதல் எல்லாக் கடல்குதிரை இனங்களின் பன்னாட்டு வணிகமும், வணிகத்தால் காட்டுயிர்கள் அழியாமல் காக்கும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. சைட்டிஸ் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது.

அந்தப் பதிவு உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.