இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்து பற்றிய இந்தக் கட்டுரையில் டிபி (காசநோய்) பரிசோதனை பற்றி ஒரு வரிகூட இல்லையே?

மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதத்துக்கு இந்த மருந்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றினால் வலி பறந்துவிடும் என்கிற மாதிரியே கட்டுரை போகிறது. என் அம்மாவுக்கு 2 வருடமாக ஏற்றுகிறோம், பலன் உண்மைதான், காலையில் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் இருந்தவர் இப்போது தானே தோசை வார்க்கிறார். ஆனால் இந்த மருந்து அடக்குகிற டிஎன்எஃப் என்ற புரதம் மூட்டு வீக்கத்தைக் கிளப்புவது மட்டுமில்லை, உடம்புக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி வேலி போட்டு வைத்திருப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு, வேலியைப் பிரித்தால் என்ன ஆகும்? நம் நாட்டில் அந்தக் கிருமி உள்ளே இருப்பவர்கள் கொஞ்சநஞ்சம் பேரா!

அம்மாவுக்கு மார்பு எக்ஸ்ரே, டிபிக்கு ரத்தப் பரிசோதனை, ஹெபடைடிஸ் பி எல்லாம் பார்த்த பிறகுதான் ஆரம்பித்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 3 மி.கி. கணக்கில் முதல் நாள், 2ஆம் வாரம், 6ஆம் வாரம், அப்புறம் 8 வாரத்துக்கு ஒருமுறை. ஏறி முடிய 2 மணி நேரம், அதன் பிறகும் உட்கார வைப்பார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் மூன்றாவது தடவை நடுவிலேயே உடம்பெல்லாம் அரிப்பு வந்தது, நர்ஸ் பக்கத்தில் இருந்ததால் உடனே நிறுத்தி ஊசி போட்டார்.

முடக்குவாதத்துக்கு இதோடு கூடவே தரும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரம் ஒரு நாள் மட்டும்தான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து, எங்கள் மருந்துக்கடையில் ஒருமுறை 'தினமும்' என்று கவர்மேல் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், நல்ல வேளை சீட்டைப் பார்த்தேன். காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்து ஏற்றும் தேதியைத் தள்ளிப் போடுவார்.